மசக்கைக்கு மாத்திரை போடலாமா?

“வாந்திக்கு ஒரு மாத்திரை குடுங்க.”

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் எனக்கு இது தினமும் காதில் விழும் வாக்கியம். கேட்பவர் பெரும்பாலும் ஆண். யாருக்கு என்று கேட்டால் “வீட்ல” என்பார். பஸ்ஸில் போனார்களா, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா, காய்ச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான், குரலைத் தாழ்த்திக்கொண்டு “முழுகாம இருக்காங்க” என்பார். அதுவரை கேட்கப் பொறுமையில்லாமல் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிடும் கடைகள் நிறைய உண்டு. அப்படிக் கைக்கு வருவது பெரும்பாலும் ஆன்டன்செட்ரான் மாத்திரை, இல்லையென்றால் டோம்பெரிடோன் சேர்ந்த ஏதாவது ஒரு அசிடிட்டி மாத்திரை. மசக்கைக்கு முதலில் எடுக்க வேண்டிய மருந்து இரண்டுமே இல்லை.

இன்னொரு வகையையும் பார்க்கிறேன். டாக்டர் சரியான மருந்தைத்தான் எழுதியிருப்பார். வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் அந்தப் பெண் வரும்போது கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டி, நிற்க முடியாமல் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாத்திரை கேட்கவில்லையா என்றால், “போடவே இல்லக்கா, அத்தை வேண்டாம்னுட்டாங்க. எனக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்” என்பாள். அட்டை பிரிக்காமல் பீரோவில் கிடக்கும்.

ஒரு பக்கம் எதுவும் கேட்காமல் விழுங்குவது. மறுபக்கம் கேட்டு, விசாரித்து வாங்கியதையும் விழுங்காமல் வைப்பது. இரண்டாலும் வதைபடுவது அந்த ஒரே பெண்தான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. உங்களைப் பரிசோதித்து மருந்து எழுத வேண்டியது உங்கள் டாக்டர். எழுதிய மருந்து என்ன, அதை எப்படிப் போடுவது, எப்போது உஷாராக வேண்டும் என்று புரியவைப்பது என் வேலை.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. “மாசமா இருக்கும்போது மாத்திரையே தொடக் கூடாது” என்று சொல்லும் அத்தைமார்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மையில் நடந்த ஒரு கொடுமை இருக்கிறது.

1957-ல் மேற்கு ஜெர்மனியில் குருனென்டால் என்ற நிறுவனம் தாலிடோமைடு என்ற மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கான்டர்கன் என்பது அங்கே அதன் பெயர். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் என்று வந்த மருந்து, குமட்டலையும் அடக்குகிறது என்று தெரிந்ததும் கர்ப்பிணிகளிடம் போய்ச் சேர்ந்தது. எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் சாகவில்லை, ஆகவே முழுக்கப் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். ஜெர்மனியில் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்க முடிந்தது. வயிற்றில் இருக்கும் கருவை அது என்ன செய்யும் என்று யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

கை கால் வளராமல், தோளிலிருந்து விரல்கள் முளைத்தாற்போல் குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸும், ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைடும் 1961-ல் தனித்தனியாக இந்த மருந்தைச் சந்தேகித்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் விற்பனை நின்றது. அதற்குள் உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அதில் பலர் பிறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார்கள்.

கரு உருவானதிலிருந்து சுமார் 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரைதான் இந்த மருந்து உறுப்புகளைச் சிதைக்கும் காலம். நாள் தள்ளிப்போய், குமட்டல் ஆரம்பிக்கும் காலமும் அதுதான். எந்தச் சில வாரங்களில் பெண்கள் இந்த மாத்திரையைத் தேடினார்களோ, சரியாக அதே வாரங்களில் அது கருவைத் தாக்கியது. ஒரே ஒரு மாத்திரை போட்ட தாய்க்கும் அப்படிக் குழந்தை பிறந்ததுண்டு. எப்போது படித்தாலும் மனசு கலங்கிப்போகும் சரித்திரம் இது.

அமெரிக்கா பெரும்பாலும் தப்பித்ததற்குக் காரணம் ஒரு பெண். அங்கே ரிச்சர்ட்சன் மெரல் என்ற நிறுவனம் 1960-ல் அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் அப்போதுதான் சேர்ந்திருந்த பிரான்சிஸ் கெல்சி, கொடுத்திருக்கும் ஆதாரம் போதாது, இன்னும் கொண்டுவாருங்கள் என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். நிறுவனம் எவ்வளவோ நெருக்கியும் அவர் கையெழுத்துப் போடவில்லை. 1962-ல் அதிபர் கென்னடி அவரை அழைத்துக் கௌரவித்தார். ஒரு மருந்து வேலை செய்கிறது, பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகே விற்க வேண்டும் என்ற கடுமையான சட்டம் அதே ஆண்டு வந்தது. நான் என் தொழிலில் வணங்கும் மனுஷி அவர்.

இந்தக் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். இதன் மறுபாதி பலருக்குத் தெரியாது. அத்தைமார்களிடம் நான் சொல்ல விரும்புவது அந்த மறுபாதியைத்தான்.

அதே மெரல் நிறுவனம் 1956 முதல் அமெரிக்காவில் பென்டெக்டின் என்று ஒரு மாத்திரை விற்றுவந்தது. மசக்கைக்காகவே செய்யப்பட்டது. அதில் இருந்த முக்கியமான மருந்துகள் இரண்டு: அலர்ஜிக்குத் தரும் மருந்து வகையைச் சேர்ந்த டாக்சிலமைன், வைட்டமின் பி6 எனப்படும் பிரிடாக்சின். கோடிக்கணக்கான கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டார்கள். தாலிடோமைடுக்குப் பிறகு எல்லோருக்கும் சந்தேகம். குறைபாட்டோடு குழந்தை பிறந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்தப் பெற்றோரின் வேதனை பெரிது, அவர்கள் காரணம் தேடியதில் தவறே இல்லை. ஆனால் ஆய்வுக்கு மேல் ஆய்வு நடந்தும், மருந்து சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குக் கூடுதல் குறைபாடு இருப்பதாகக் காட்ட முடியவில்லை. வழக்குச் செலவைத் தாங்க முடியாமல் 1983-ல் நிறுவனமே மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். மருந்து போன பிறகு அமெரிக்காவில் பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. கர்ப்பகால வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேரும் பெண்களின் எண்ணிக்கைதான் கணிசமாகக் கூடியது. பக்கத்து நாடான கனடாவில் அதே கலவை நிற்காமல் விற்பனையில் இருந்தது. அமெரிக்காவில் 2013-ல் வேறு பெயரில் அதே டாக்சிலமைன்-பி6 கலவைக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது. 30 வருஷம். அந்த முப்பது வருஷத்தில் அங்கே கர்ப்பமாக இருந்த பெண்கள் பட்ட அவதியில் பெரும் பங்கு தேவையே இல்லாதது.

தாலிடோமைடைச் சந்தேகித்துப் புகழடைந்த வில்லியம் மெக்பிரைடு, பின்னாளில் இந்த மசக்கை மாத்திரைக்கு எதிராகவும் சாட்சி சொன்னார். ஹயோசின் என்ற வேறொரு மருந்தைப் பற்றி அவர் செய்த முயல் ஆய்வில் தரவுகளைத் திரித்திருந்தது வெளியே வந்து, 1993-ல் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. ஒரு முறை சரியாகச் சொன்னவர் என்பதற்காக அடுத்த முறையும் அவர் சொல்வது சரியாகிவிடாது. ஒவ்வொரு மருந்துக்கும் அதனதன் ஆதாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தாலிடோமைடிலிருந்து நாம் கற்க வேண்டியது “மருந்தே வேண்டாம்” என்பதை அல்ல என்பது என் உறுதியான கருத்து. சோதிக்கப்பட்ட மருந்து, தெரிந்த பெயர், தெரிந்த அளவு, எத்தனையாவது வாரம் என்ற கணக்கு. கெல்சி கேட்டதும் இதைத்தான்.

சரி, நம் ஊர் நடைமுறைக்கு வருவோம்.

அந்த டாக்சிலமைன்-பி6 கலவைதான் இங்கே டாக்சினேட் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. சிலவற்றில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். மசக்கைக்குப் பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். வெறும் பி6 மட்டும் முதலில் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு.

இதை வாங்கிப் போகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் சில விஷயங்கள் இருக்கின்றன. இது தலைவலி மாத்திரை மாதிரி வந்தபோது போடுவது கிடையாது. வேலை செய்யப் பல மணி நேரம் எடுக்கும். அதனால்தான் காலை வாந்திக்கு இரவு படுக்கப் போகும்போது போடச் சொல்கிறார்கள். “காலையில வாந்தி வந்ததும் போட்டேன், அதுவும் வெளியே வந்துடுச்சு, இந்த மருந்து கேட்கல” என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் முக்கால்வாசிப் பேர் இரவு மாத்திரையைக் காலையில் போட்டிருப்பார்கள். தினமும் போட வேண்டும். இரண்டு நாள் நன்றாக இருந்தது என்று தானாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி ஆகும். நிறுத்துவதையும் டாக்டரிடம் கேட்டு, படிப்படியாக நிறுத்துங்கள்.

மருந்து மெதுவாகக் கரைய வேண்டும் என்பதற்காகப் பல மாத்திரைகளுக்கு மேலே உறை போட்டிருப்பார்கள். அவற்றைப் பாதியாக உடைக்கவோ, கடிக்கவோ, பொடித்துத் தேனில் குழைக்கவோ கூடாது. முழுசாக விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு வடிவம் கேளுங்கள்.

அளவைக் கட்டாயம் பாருங்கள். டாக்சிலமைன் 10 மில்லிகிராம், பி6 10 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. அந்த அளவில் இரவு இரண்டில் ஆரம்பித்து, கேட்கவில்லை என்றால் காலையிலும் பிற்பகலிலும் ஒவ்வொன்று சேர்த்து, நாளுக்கு நான்கு வரை போவது மருத்துவ வழிகாட்டுதல்களில் உள்ள முறை. ஆனால் ஏறத்தாழ ஒரே பெயரில், பின்னால் ஓர் எழுத்தோ சொல்லோ மட்டும் மாறி, இரட்டை அளவு உள்ள மாத்திரையும் கடையில் இருக்கிறது. தோழி சொன்ன எண்ணிக்கையை உங்கள் அட்டைக்குப் பொருத்தினால் அளவு இரண்டு மடங்காகிவிடும். உங்கள் சீட்டில் இருப்பதுதான் உங்களுக்கு.

தூக்கம் வரும். இதுதான் இதன் முக்கியமான பக்கவிளைவு. பகலில் போடுகிறவர்கள் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள், தையல் மெஷின் போன்ற இயந்திரங்களில் கவனமாக இருங்கள். சளி, அலர்ஜி, இருமலுக்கு என்று கடையில் வாங்கும் பலவற்றில் இதே மாதிரி தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கும். இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்க முடியாத அளவுக்கு மயக்கம் வரும். வாய் உலர்வதும் மலச்சிக்கலும் சிலருக்கு உண்டு. மூத்த குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பால் வழியாகப் போய் அந்தக் குழந்தையும் தூங்கிவழியலாம்.

இது கேட்காதவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. புரோமெத்தசின் பழைய மருந்து, நீண்ட அனுபவம் உண்டு, தூக்கம் அதிகம். மெட்டோகுளோப்ரமைடு இன்னொன்று. டென்மார்க்கிலும் இஸ்ரேலிலும் ஆயிரக்கணக்கான கர்ப்பங்களை ஆராய்ந்தபோது இதனால் குழந்தைக்குக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் தாய்க்கு, அதுவும் இளம் பெண்களுக்கு, திடீரென்று கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வது, தாடை இறுகுவது, கண் மேலே சொருகுவது போன்ற விளைவு எப்போதாவது வரும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்றோ, பேய் பிடித்துவிட்டது என்றோ பதறுவார்கள். மருந்தின் விளைவுதான் அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போட்டுச் சீக்கிரம் சரிசெய்துவிடுவார்கள். அதனால்தான் இந்த மருந்தை 5 நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் சொன்னது. பழைய அட்டையில் மிச்சம் இருக்கிறதே என்று தொடர வேண்டாம்.

ஆன்டன்செட்ரானைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் ஊரில் “வாந்தி மாத்திரை” என்றாலே இதுதான். எமிசெட், ஆன்டெம், வோமிகைன்ட் என்று பல பெயர்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது வரும் வாந்திக்காக 1990-களில் வந்த மருந்து. வாந்தியை நன்றாக நிறுத்தும், தூக்கம் வராது. அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். 2018-ல் அமெரிக்காவில் 18 லட்சம் கர்ப்பங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. முதல் மூன்று மாதத்தில் இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு 10,000-க்கு 11 என்பதிலிருந்து 14 என்று கூடியிருந்தது. இதயக் குறைபாடு கூடவில்லை.

10,000-க்கு மூன்று. இந்த எண்ணை இரண்டு விதமாகவும் மனதில் வாங்க வேண்டும். எட்டாவது வாரத்தில் தெரியாமல் ஒரு மாத்திரை போட்டுவிட்டோமே என்று இரவெல்லாம் அழும் பெண்ணே, அழாதே. பெரும்பாலும் எதுவும் ஆகாது. ஸ்கேனுக்குப் போகும்போது டாக்டரிடம் சொல், போதும். அதே சமயம், வேறு நல்ல மருந்து இருக்கும்போது, யாரும் பரிசோதிக்காமல், முதல் மூன்று மாதத்தில் கடையில் கேட்டு வாங்கிப் போடவும் கூடாது. மற்றவை பலிக்காமல் உடம்பு வற்றிப்போகிற நிலையில், லாப நஷ்டம் பார்த்து டாக்டர் இதை எழுதினால் போடலாம். மலச்சிக்கலும் தலைவலியும் வரும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும், வாந்தியால் பொட்டாசியம் குறைந்துபோனவர்களும் கூடுதல் கவனத்தோடுதான் எடுக்க வேண்டும்.

டோம்பெரிடோனும் கடைகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. கர்ப்பத்தில் அதைப் பற்றிய தரவு குறைவு. இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது என்று பல நாடுகளில் கட்டுப்பாடும் இருக்கிறது. நானாக எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

மருந்துக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள்: நீங்கள் போடும் சத்து மாத்திரை. இரும்புச்சத்து வயிற்றைப் புரட்டும். அரசுத் திட்டத்தில் முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்துவிட்டு, 60 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ள சிவப்பு மாத்திரையை நாலாம் மாதத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் இரத்தம் குறைவு என்று சிலருக்கு முன்பே எழுதியிருப்பார்கள், சிலர் தாங்களாகவே டானிக் வாங்கிக் குடிப்பார்கள். மசக்கை கடுமையாக இருந்தால் இரும்பைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடாதீர்கள். குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடிக்கொள்ள ஆரம்ப வாரங்களில் அது அவசியம். அது சின்ன மாத்திரை, வயிறு எந்த நேரத்தில் அமைதியாக இருக்கிறதோ அப்போது போட்டுக்கொள்ளலாம்.

நெஞ்செரிச்சல் இருந்தால் குமட்டல் கூடும். அதற்கு ஈனோ போன்ற சோடா உப்புப் பொடியைக் கரைத்துக் குடிக்கிறார்கள். கர்ப்பத்தில் வேண்டாம், அதில் சோடியம் அதிகம். டாக்டர் எழுதும் ஜெலுசில் போன்ற மருந்து போதும். அதையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு இடைவெளி இன்னும் அதிகம் தேவை.

இஞ்சி உதவுமா என்றால், மிதமான குமட்டலுக்கு உதவும். ஆய்வுகளில் நாளுக்கு ஒரு கிராம் வரை உலர்ந்த இஞ்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சுக்குக் காபி, இஞ்சித் துவையல் எல்லாம் தாராளமாக. விடாத வாந்தியை இஞ்சி நிறுத்தாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுவது, எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ஒரு ரஸ்க் கடிப்பது, தாளிக்கிற வாசனையிலிருந்து தள்ளி இருப்பது எல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: அந்த நாட்களில் கர்ப்பிணியைத் தாளிக்க விடாதீர்கள். குழம்பு வேறு யாராவது வைக்கலாம்.

“எல்லாரும் பிள்ளை பெறலையா? இவ மட்டும் என்ன இப்படிப் படுத்துறா?” இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு ஆறவே ஆறாது. பத்தில் ஏழெட்டுக் கர்ப்பிணிகளுக்குக் குமட்டல் வரும். ஆறாவது வாரம் வாக்கில் ஆரம்பித்து ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய் நாலாம் மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நூற்றில் ஓரிருவருக்கு அது நோயாகவே முற்றும். தண்ணீர்கூட நிற்காது.

அமெரிக்க மரபியல் ஆய்வாளர் மார்லினா ஃபெஸ்ஸோ அப்படி அவதிப்பட்டு 1999-ல் தன் குழந்தையை வயிற்றிலேயே இழந்தவர். அவர் பட்ட பாட்டை அவருடைய மருத்துவரே நம்பவில்லை. அவர் விடாமல் தேடினார். அவரும் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலி குழுவும் சேர்ந்து 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் காட்டியது. கருவும் நச்சுக்கொடியும் அதைச் சுரந்து தாயின் இரத்தத்தில் விடுகின்றன. கர்ப்பத்துக்கு முன் உடம்பில் அந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்கு, திடீரென்று கூடும்போது மூளை தாங்காமல் வாந்தி கடுமையாகிறது. அதே ஹார்மோன் எப்போதும் அதிகமாக இருக்கும் பீட்டா தலசீமியா உள்ள பெண்களுக்கு மசக்கை மிகக் குறைவாகவே வருகிறது. ஆகவே அவள் படுத்தவில்லை, செல்லம் கொஞ்சவில்லை. அவள் இரத்தத்தில் இருக்கிறது காரணம்.

எப்போது மாத்திரையை விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? ஒரு நாள் முழுக்கத் தண்ணீரோ சாப்பாடோ எதுவும் வயிற்றில் நிற்கவில்லை என்றால். எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, அல்லது டீ டிகாஷன் நிறத்தில் போகிறது என்றால். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்துவிட்டால். 50 கிலோ இருந்தவர் என்றால் இரண்டரைக் கிலோ. வாந்தியில் இரத்தம், காய்ச்சல், வயிற்று வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால். நாலாம் மாதத்துக்குப் பிறகு புதிதாக வாந்தி ஆரம்பித்தால், அதை மசக்கை என்று நினைத்து உட்கார்ந்திருக்கவே கூடாது. ஏழாம் மாதம், எட்டாம் மாதத்தில் வாந்தியோடு தலைவலியும், வலது மேல் வயிற்றில் வலியும் இருந்தால் அது இரத்த அழுத்தம் சம்பந்தப்பட்ட ஆபத்தாக இருக்கலாம். அன்றைக்கே, அந்த நேரமே போக வேண்டும்.

டிரிப்ஸ் ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டா சரியாயிடும்” என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிறார்கள். வாரக்கணக்கில் சாப்பிடாமல் வாந்தி எடுத்த உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். உடம்பில் அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வெர்னிக்கி என்று பெயர் அதற்கு. நிரந்தரப் பாதிப்பும் உயிர்ச் சேதமும் நேர்ந்திருக்கின்றன. தடுப்பதோ ரொம்ப எளிது: முதலில் தயமின், பிறகு குளுக்கோஸ், உடம்புக்கு நீர் தரச் சலைன். நீண்ட நாள் வாந்தி எடுத்தவரைக் கூட்டிப்போனால், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி, “பி1 ஊசி போடணுமா டாக்டர்?” என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இந்த இடத்தில் மறுபடி அத்தைமார்களிடம் வருகிறேன். உங்கள் பயம் பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்திலிருந்து வருவது எனக்குத் தெரியும். ஆனால் மருந்து கொடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விளைவு உண்டு. எடை குறைந்து, நீர் வற்றி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் தாயின் வயிற்றில் பிள்ளை எப்படிச் செழிக்கும்? அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடிக்கணக்கான தாய்மார்கள் சாப்பிட்டு, திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட மருந்து டாக்சிலமைனும் பி6-உம். கர்ப்பத்தில் இவ்வளவு ஆராயப்பட்ட மருந்துகள் மிகச் சிலவே. டாக்டர் எழுதியிருந்தால் அந்த அட்டையை எடுத்து நீங்களே அவள் கையில் கொடுங்கள். நீங்கள் கொடுத்தால் அவள் பயப்படாமல் விழுங்குவாள்.

மனைவிக்காகக் கடைக்கு வரும் தம்பிகளே, “வாந்திக்கு மாத்திரை” என்று மட்டும் கேட்காதீர்கள். “என் மனைவி கர்ப்பமா இருக்காங்க, இத்தனை வாரம், இந்த மருந்தெல்லாம் போடுறாங்க” என்று சொல்லுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. கடைசி மாதவிடாய் தேதியை போனில் குறித்து வையுங்கள், டாக்டர் சீட்டையும் தாய்-சேய் அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். தைராய்டு, ஆஸ்துமா, வலிப்பு, மனநல மருந்து எது போட்டாலும் மறைக்க வேண்டாம். அவற்றைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். ராத்திரியில் சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் 104-க்கு போன் செய்து கேட்கலாம். நிலைமை மோசம் என்றால் 108. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரின் எண்ணையும் இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.